குத்தூசியும் தையலூசியும்

கிங்ஸ் சர்க்கிள் என்றால் நம்மவர்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? இட்லி, ஃபில்டர் காபி, மல்லிகைப்பூ, வாழையிலை, சண்முகானந்தா சபாவில் மார்கழிக் கச்சேரி. பம்பாய்க்குப் புதிதாக வந்த தமிழனுக்கு ஊர் ஞாபகம் வந்தால் மாதுங்காவில் இறங்கிவிடுவான். அங்கிருந்து ரயில் பாதையைத் தாண்டி மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் இன்னொரு தமிழ் ஊர் இருக்கிறது. தாராவி. அங்கேயும் கோயில் உண்டு, பொங்கல் உண்டு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடமும் உண்டு. ஆனால் கச்சேரிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 'நாயகன்' படத்தில் பார்த்ததோடு சரி!

வங்கியில் சிறுதொழில் கடன் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் இருப்பதால் எனக்கு அந்தப் பக்கத்துத் தோல் பட்டறைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளப் போனதில் சிக்கியது ஒரு ஊசி. தையல் மெஷின் ஊசிதான். தோலுக்கு எந்த ஊசி போடவேண்டும், தப்பான ஊசி போட்டால் நூல் ஏன் அறுகிறது என்ற சின்னக் கேள்வி. ஊசியில் என்னய்யா சரித்திரம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 200 வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம். அதில் நம்ம ஆட்களுக்கும் பங்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

* * *

முதலில் தாராவிக்குத் தமிழன் எப்படி வந்தான் என்று பார்ப்போம்.

தாராவி ஆதியில் கோலி மீனவர்களின் குப்பம். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். பம்பாய் வளர வளர, நாற்றமடிக்கும் தொழில்களையெல்லாம் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். தோல் பதனிடுதல் அதில் முதல் வரிசை. 1887-ஐ ஒட்டி தாராவியில் முதல் தோல் ஷாப் வந்ததாகச் சொல்வார்கள். பக்கத்திலேயே பாந்த்ராவில் இறைச்சிக் கூடம், அதனால் பச்சைத் தோலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் உண்டு, கழிவை விடச் சதுப்பு உண்டு, கேட்பாரில்லை. வேறென்ன வேண்டும்?

வேலை தெரிந்த ஆட்கள்தான் வேண்டும். அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார்கள். தோல் வியாபாரம் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். தொட்டியில் இறங்கி வேலை செய்ய ஆதி திராவிட மக்கள் வந்தார்கள். தமிழ்நாட்டுக்குத் தோல் புதிதல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்கும் அது போனது. நாம் தைப்பொங்கலுக்குப் பூவாகப் பார்க்கும் ஆவாரை, பட்டையாகக் கப்பலேறியது என்றுகூடச் சொல்லலாம்.

பட்டையில் ஊறும் தோல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு போட்டால் சில நாட்களில் முடிந்துவிடும். அந்த முறையைச் சென்னையில் 1900-களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பிறகு சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் வைத்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஒரு ஊருக்கே பெயர் வந்தது. குரோம்பேட்டை! குரோம்பேட்டைக்காரர்கள் பலருக்கே இது தெரியாது :-)

இப்போது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்புவோம். 1896-ல் பம்பாயில் பிளேக். 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். நெரிசலைக் குறைக்க தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான தெருக்களோடு மனைகள் போட்டார்கள். அங்கே குடிவந்தவர்களில் ஆபீஸ் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் கணக்கர்களுமான தென்னிந்தியர்கள் அதிகம். 1932-ல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம், பிறகு ஹோட்டல்கள், சபாக்கள் என்று நம்ம மாதுங்கா உருவானது.

ஆக, ஒரே நகரம், கிட்டத்தட்ட ஒரே தலைமுறை, ஒரே மொழி. ஒருவர் பேனா பிடிக்க வந்தார், ஒருவர் தோல் பிடிக்க வந்தார். நடுவில் ஒரு ரயில் பாதை. ஊரில் அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் இருந்த தூரம் இங்கே ரயில் பாதையாக வந்து படுத்துக்கொண்டது. கசப்பாக இருந்தாலும் உண்மையை எழுதத்தானே வேண்டும்.

* * *

பிறகு இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

ஒன்று, 1971-ல் பாந்த்ரா இறைச்சிக் கூடம் தேவனாருக்கு மாறியது. பச்சைத் தோல் தாராவியின் வாசலை விட்டுப் போய்விட்டது. இன்னொன்று, 1972-ல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா கமிட்டி. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபம் வெளிநாட்டுக்காரனுக்குத்தான், முழுசாகச் செருப்பாகவும் பையாகவும் செய்து அனுப்புங்கள் என்பது சாரம். 1973-லிருந்து அந்தத் திசையில் ஏற்றுமதிக் கொள்கை மாறியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூ தொழிற்சாலைகள் பெருகியதன் பின்னால் இந்த மாற்றம் உண்டு.

தாராவியிலும் நாளடைவில் தொட்டிகள் மூடின. நகருக்குள் மாசு கூடாது என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஆனால் தோல் போகவில்லை. பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வர ஆரம்பித்தது. தாராவி அதை வெட்டியது, ஒட்டியது, தைத்தது. பர்ஸ், பெல்ட், கைப்பை, ஆபீஸ் பை, ஜாக்கெட். தமிழர்களோடு மராட்டிய டோர், சர்மகார் சமூகத்தவரும், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த காரீகர்களும் சேர்ந்தார்கள். சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகத் தோல் கடைகள் வந்தன.

கவனித்தீர்களா? தொட்டியில் இருந்த தொழில் மெஷினுக்கு வந்துவிட்டது. முன்பு தொழிலின் ரகசியம் பட்டையிலும் சுண்ணாம்பிலும் இருந்தது. இப்போது அது ஊசி முனைக்கு வந்துவிட்டது.

* * *

ஊசி முனையில் அப்படி என்ன ரகசியம்?

துணியை ஊசி குத்தும்போது அது இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் புகுகிறது. தையலைப் பிரித்து நகத்தால் லேசாகத் தேய்த்தால் ஓட்டை மறைந்துவிடும். அதனால்தான் அம்மா ப்ளவுஸைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறார். தோலில் விலக்க இழை வரிசை கிடையாது. அது நார்கள் பின்னிக் கிடக்கும் பாய் மாதிரி. ஊசி போன இடம் போனதுதான். தோலில் போட்ட ஓட்டை ஆறாது.

பி.காம். படித்தவர்களுக்கு 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' ஞாபகம் இருக்கும். வெட்டும்போது ஓரத்தில் விழும் துண்டு நார்மல் லாஸ். அதை விலையில் சேர்த்துவிடலாம். ஒரு கைப்பை கிட்டத்தட்ட முடியும் தறுவாயில் முன்பக்கத்தில் நூல் அறுந்தால் என்ன ஆகும்? துணிப்பை என்றால் பிரித்துத் தைக்கலாம். தோல் பையில் புதிதாக ஓட்டை போட்டால் பழைய ஓட்டை பல்லிளிக்கும். அந்தத் தோல் துண்டு, அதற்கு அடித்த பசை, லைனிங், ஆளின் நேரம் எல்லாம் அப்நார்மல் லாஸ். பீஸ் ரேட்டுக்கு உழைப்பவன் என்றால் அவன் கூலியில்தான் கை வைப்பார்கள். ஒரு ஊசி என்ன விலை? ஏறக்குறைய ஒரு டீ விலை. அந்த டீ விலைச் சாமான்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் பையின் தலையெழுத்தை எழுதுகிறது.

* * *

இது மெஷின் வந்த பிறகு வந்த பிரச்சினை. அதற்கு முன்னால் இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம்.

கையால் தோல் தைக்கிறவரிடம் இரண்டு தனித்தனிக் கருவிகள் இருந்தன. ஒன்று குத்தூசி. மரப்பிடி போட்ட கூரான இரும்பு. அதன் வேலை ஓட்டை போடுவது மட்டும். இன்னொன்று நூல் கோத்த தையலூசி. குதிரைச் சேணம் தைப்பவர்கள் மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விடுவார்கள். அந்த ஊசியின் முனை மழுங்கலாக இருக்கும். வேண்டுமென்றே மழுங்கல்! ஏற்கெனவே ஓட்டையில் கிடக்கும் நூலை இரண்டாவது ஊசி குத்திக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. குத்துவதற்குக் கூர், தைப்பதற்கு மழுக்கம். பிரித்து வைத்திருந்தார்கள் பெரியவர்கள்.

நம்மூர்ச் செருப்புத் தொழிலாளி வைத்திருப்பது கொக்கி ஊசி. குத்தும், பிறகு அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கும். இதற்கு வடக்கே 'ஆரி' என்று பெயர். கட்ச் பகுதியில் மோச்சி சமூகத்தார், அதாவது தோல் தைப்பவர்கள், இந்த ஆரியை மெல்லிசாக்கிப் பட்டில் பூவேலை செய்தார்கள். அதன் வழி வந்ததுதான் இன்று கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்துகொள்ளும் 'ஆரி வொர்க்'. செருப்புத் தைத்த ஊசியின் பேத்திதான் முகூர்த்த ப்ளவுஸில் ஜரிகை தைக்கிறாள். இதைக் கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள், முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று!

மெஷின் கதையும் தோலில்தான் தொடங்குகிறது. 1790-ல் லண்டனில் தாமஸ் செயின்ட் என்ற மரச்சாமான் செய்பவர் ஒரு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். துணிக்கு அல்ல, தோலுக்கு. அவர் வரைந்த மெஷினிலும் கைத்தொழிலில் இருந்த அதே பிரிவினை இருக்கிறது. முதலில் ஒரு குத்தூசி இறங்கி ஓட்டை போடும். பிறகு பிளவுபட்ட முனையுள்ள ஊசி நூலை அந்த ஓட்டை வழியே கீழே தள்ளும். விழுவது சங்கிலித் தையல். பாவம், அந்தக் காப்புரிமை பூட்ஸுக்கான வார்னிஷ், பசை சமாசாரங்களோடு கலந்து கிடந்ததால் 80 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1870-களில்தான் நியூட்டன் வில்சன் என்ற மெஷின் வியாபாரி தேடி எடுத்தார்.

அதற்குள் அமெரிக்காவில் வேறு வழி பிறந்துவிட்டது. 1846-ல் எலியாஸ் ஹோவ், 1851-ல் ஐசக் சிங்கர். கண் ஊசியின் பின்பக்கம் இல்லாமல் முனைக்கு அருகில் வந்தது. ஊசி குத்தும்போதே நூலையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. கீழே ஷட்டில் அதை வாங்கி, அடிநூலோடு பின்னுகிறது. வேகம் பிரமாதம். காந்தி இயந்திரங்களைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னவர், 1924-ல் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விதிவிலக்கு கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விலை இருந்தது. குத்தூசியும் தையலூசியும் ஒரே ஊசியாகிவிட்டன. கூராகவும் இருக்கவேண்டும், நூலை வெட்டாமலும் இருக்கவேண்டும். கத்தியின் கையில் நூலைக் கொடுத்து 'பத்திரமாகக் கொண்டுபோ' என்கிற மாதிரி. நூல் அறுகிற பிரச்சினை அன்றைக்குப் பிறந்தது. (கெட்டியான ஷூ அடித்தோல் தைக்கும் மெஷின்களில் இன்றும் குத்தூசி தனி, கொக்கி ஊசி தனி. தாமஸ் செயின்ட் சிரித்துக்கொள்வார்.)

* * *

சரி, அந்த ஒரே ஊசியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நூல் எதனால் அறுகிறது என்று தெரிந்தால் ஊசி தானாகத் தெரிந்துவிடும். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், கண் சிறியது. ஊசி நம்பர் என்பது தண்டின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 110 என்றால் 1.10 மி.மீ. பாக்கெட்டில் 18/110 என்று இருந்தால் 18 பழைய சிங்கர் கணக்கு, 110 மெட்ரிக் கணக்கு. ஊசியில் நம்பர் ஏற ஏற தடிமன். நூலில் தலைகீழ், டிக்கெட் நம்பர் குறையக் குறைய தடிமன். இதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். 40 டிக்கெட் நூலுக்கு 110-ஐ ஒட்டிய ஊசி, 20 டிக்கெட் நூலுக்கு 140-ஐ ஒட்டிய ஊசி என்று ஆரம்பிக்கலாம். மெல்லிய ஊசியில் தடித்த நூலைத் திணித்தால் ஒவ்வொரு தையலுக்கும் கண்ணுக்குள் நூல் பலமுறை முன்னும் பின்னும் உரசிப் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். மெஷினில் போடுவதற்கு முன்பே சோதிக்க வழி உண்டு. ஒரு முழம் நூலை ஊசியில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கி இறங்கவேண்டும். நடுவில் நின்றால் ஒரு நம்பர் மேலே போங்கள். அதற்காக ஒரேயடியாகத் தடித்த ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகி, அடிநூல் முடிச்சு மேலே எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது, முனையின் வடிவம். துணி ஊசியின் முனை உருண்டை. தோல் ஊசியின் முனை சின்னக் கத்தி. அந்தக் கத்தி எந்தத் திசையில் கீறுகிறது என்பதற்கு ஏற்ப எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். 'எஸ்' முனை தையல் ஓடும் திசையிலேயே கீறும். நூல் தோலுக்குள் கொஞ்சம் அமிழ்ந்து நேராக விழும். ஆனால் தையலை நெருக்கினால் ஒரு கீறலும் அடுத்த கீறலும் சேர்ந்து, தபால் தலை ஓரம் மாதிரி தோலே கிழிந்துவிடும். 'பி' முனை குறுக்கே கீறும். நெருக்கமான தையலுக்கு அதுதான். 'எல்ஆர்' முனை சாய்வாகக் கீறும். தையல் லேசாகச் சாய்ந்து பார்க்க அழகாக விழும். ஷூ மேல்தோலிலும் பையிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். 'எல்எல்' முனையும் சாய்வுதான், எதிர்த் திசையில். தையல் ஏறக்குறைய நேராகப் படியும். வீட்டு மெஷினுக்கு 'லெதர்' என்று விற்கும் ஊசிகளில் எல்எல் முனையைப் பார்க்கலாம்.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கத்தி முனை தோலுக்கும் நூலுக்கும் வித்தியாசம் பார்க்காது. துணியில் தைத்து முடிக்கும்போது மெஷினைப் பின்னால் ஓட்டிக் கட்டுவது நம் பழக்கம். தோலில் அப்படிச் செய்தால், திரும்பி வரும் ஊசி ஏற்கெனவே போட்ட நூலின் மேலேயே இறங்கி வெட்டிவிடும். கெட்டிப்படுத்துகிறோம் என்று நினைத்து அறுத்து வைக்கிறோம்! அறுந்தது உடனே தெரியாது. பை வாங்கினவர் நாலு நாள் மடிக்கணினியைச் சுமந்தபிறகு தெரியும். அதனால் நுணுக்கம் தெரிந்த காரீகர் பின்தையல் போடமாட்டார். நூலை நீளமாக விட்டு, உள்பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டு, நைலான் என்றால் லைட்டரால் உருக்கி அமுக்கிவிடுவார். பழைய ஓட்டையிலேயே திரும்பத் தைக்கும் ரிப்பேர் வேலைக்கு உருண்டை முனை ஊசியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஓட்டை ஓட்டையாக இறக்குவார்கள். சேணம் தைத்தவரின் மழுங்கல் ஊசி ஞாபகம் வருகிறதா? அதே நியாயம்தான்.

இதன் தம்பி ஒன்று உண்டு. தோலோடு துணி லைனிங்கோ, நாடா வாரோ சேர்த்துத் தைக்கும்போது கத்தி முனை துணியின் இழைகளை வெட்டிக்கொண்டே போகும். ரெக்சினுக்கும் அப்படித்தான். மேலே பார்க்கத் தோல் மாதிரி, அடியில் துணி. பெயர் லெதர் ஊசி என்பதற்காக ரெக்சினுக்குப் போட்டால் அடித்துணி பலமிழக்கும். அங்கே உருண்டை முனையே நல்லது.

நாலாவது, சூடு. மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்தும்போது, கெட்டித் தோலில் உரசி ஊசி காய்ந்துபோகும். நைலானும் பாலியஸ்டரும் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும். அதற்கு முன்பே இளகிப் பலம் குறையும். அறுந்த நூலின் முனையைத் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரி பிரிந்திருந்தால் உரசல். வெட்டினாற்போல இருந்தால் முனையோ பிசிறோ. குண்டு மாதிரி உருண்டிருந்தால் சூடு. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி, நூல் முனையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். வேகத்தைக் குறைத்து, ஊசியை அவ்வப்போது மாற்றினாலே பாதி நோய் போய்விடும்.

* * *

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. சென்னையில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜெர்மன் ஊசிக் கம்பெனிகள் பட்டியல் போட்டுக் கொடுக்கின்றன. ஆனால் தாராவியில் இது விரல் நுனியில் இருக்கிற படிப்பு. தோலை மடித்துப் பார்த்தே பட்டை போட்டதா, குரோமா என்று சொல்லி, ஊசி நம்பரையும் சொல்லிவிடுவார்கள்.

கடன் கோப்பில் மெஷினுக்கு ஒரு வரி உண்டு. மாடல், வாங்கிய வருடம், தேய்மானம். கையிருப்புத் தோலுக்கு ஒரு வரி உண்டு. இந்த விரல் நுனிக்கு வரி கிடையாது. அடமானம் வைக்க முடியாத சொத்து அது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டு வரிகளும் இரும்பும் குப்பையும்தான்.

அந்தப் படிப்பை நாம் படிப்பாக மதிக்காததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். தோலைத் தொடுகிறவனைத் தொடக் கூடாது என்று வைத்திருந்த சமூகம் நம்முடையது. இதில் புலம்பெயர்ந்தவர்கள் யோசிக்க வேண்டிய ஒரு கதை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது அங்கே தங்கிய சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர்கள் ஏராளம். காந்தியின் நண்பர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்றார், பண்ணையில் மற்றவர்களும் கற்றார்கள். தான் தைத்த ஒரு ஜோடியைக் காந்தி 1914-ல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். ஊரில் செய்யத் துணியாததைக் கடல் தாண்டியவர்கள் செய்தார்கள். நாம் ரயில் பாதையையே தாண்டவில்லை.

* * *

கடந்த சில வருடங்களில் தாராவித் தையலுக்கு அடிமேல் அடி. 2015-ல் மகாராஷ்டிராவில் காளை, எருது வெட்டவும் தடை வந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம். ரொக்கத்தில் ஓடும் பட்டறைகள் எப்படித் தவித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. 2020-ல் கொரோனா. காரீகர்கள் ஊரைப் பார்க்கப் போனார்கள், எல்லாரும் திரும்பவில்லை. சிலர் வேறு வழி கண்டார்கள். சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர், 'சமார்' என்று ஏளனமாகச் சொல்லப்பட்ட ஜாதிப் பெயரையே கடைப் பெயராக்கி 'சமார் ஸ்டுடியோ' தொடங்கினார். மறுசுழற்சி ரப்பரில், தோல் தொழிலாளர்களின் கைவண்ணத்தில் பைகள். ரப்பரிலும் போட்ட ஓட்டை ஆறாது. விரல் நுனிப் படிப்பு அங்கேயும் சோறு போடுகிறது.

இதற்கெல்லாம் மேல் புனரமைப்புத் திட்டம். 2004-ல் அரசு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து பேச்சு நடந்து, 2022 நவம்பரில் ஏலத்தில் அதானி குழுமத்துக்கு வந்தது. நல்ல வீடும் கழிப்பறையும் அந்த மக்களுக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நெரிசலில் வாழ்வதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் தாராவிப் பட்டறை தனியாக நிற்பதில்லை. தோல் வெட்டுபவர் ஒரு சந்து, ஓரம் சீவுபவர் அடுத்த சந்து, ஜிப்பும் பக்கிளும் விற்பவர் எதிரே, ஊசி விற்பவர் முனையில். காலை பத்து மணிக்கு 140 எல்ஆர் ஊசி உடைந்தால் பத்தே காலுக்கு வேறு ஊசி மெஷினில் இருக்கும். இந்தப் பின்னலைப் பிரித்து எடுத்து நாலு இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவரா, தரைத்தளமா, மாடியா என்ற கேள்விகளுக்கு வீட்டுக்காரர் பதில் சொல்லிவிடலாம். மாடியில் வாடகைக்கு மெஷின் போட்டிருக்கிற காரீகர் எதைக் காட்டுவார்?

பிரித்துத் தைக்கலாம் என்பது துணி நியாயம். தாராவி தோல் ஜாதி. ஒரு தடவை குத்தினால் ஓட்டை நிற்கும். தையலைத் திட்டம் போடுபவர்கள் ஊசியைப் பார்த்துப் போடவேண்டும்.

அடுத்த முறை லீவில் பம்பாய் வந்தால், மாதுங்காவில் டிபன் முடித்துவிட்டுக் குழந்தைகளோடு லிங்க் ரோடு தோல் கடைகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பை வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன்னால் தையலைப் பாருங்கள். சாய்ந்து விழுந்திருந்தால் எல்ஆர். நேராக அமிழ்ந்திருந்தால் எஸ்ஸாக இருக்கலாம். கைப்பிடி முடியும் இடத்தில் உள்பக்கம் விரல் விட்டு, நூல் முனை முடிந்து உருக்கி அமுக்கப்பட்டிருக்கிறதா என்று தடவுங்கள். இருந்தால் தைத்தவருக்குத் தொழில் தெரியும். பேரம் பேசாமல் வாங்குங்கள். 'அண்ணே, எந்த ஊசி போட்டீங்க?' என்று தமிழிலேயே கேட்டும் பாருங்கள். பதில் திருநெல்வேலித் தமிழில் வந்தாலும் வரும்.